கூதிர்காலக் கூடாரமும் ஓடை மீனும்

ஆண்டு முழுதும் நகரின்கண் உழைத்துச் சலித்தோர் சின்னாள் மலையையும் கானையும் நாடிச் செல்லுதல் எந்நாட்டினர்க்கும் இயல்பேயாம். நம் நாட்டிலே கோடை வெம்மைக்கு அஞ்சி உதகைக்கும் கொடைக்கானலுக்கும் செல்வோர் பலர். வட அமெரிக்காவின் கிழக்குப் பகுதியில் வாழ்வோருள் பலரோ, கோடை கழிந்து குளிர் தொடங்கும் இடைக்காலத்தையே மலைப் பயணத்திற்கு ஏற்ற பருவமாகக் கொள்வர். அக்டோபர் மாதத்தில் பள்ளிகள் பல சில நாள் விடுமுறை அளிக்கும். அப்பொழுது தந்தையும் தாயும் மக்களும் கூடாரத்தையும் தூண்டிற்கோலையும் வண்டியில் ஏற்றிக்கொண்டு மலையாற்றங்கரைக்குச் சென்று, இரண்டு மூன்று நாள் தங்கி மீள்வர்.

பார்ப்பதற்கு இஃது எளிய பொழுதுபோக்கே. ஆயினும் அம்மலையோடைகளில் வாழும் டிரௌட் என்னும் மீனின் இயல்பை அறிந்தார்க்கு இப்பயணம் வெறும் பொழுதுபோக்காகத் தோன்றாது. ஏனெனின், மனிதர் ஓய்வு கொள்ளும் அந்நாட்களே அம்மீன் தன் குலத்தைப் பெருக்க உழைக்கும் நாட்களாம். விருந்தினர் கூட்டமும் வீட்டுக்காரரின் மகப்பேறும் ஒரே நாளில் நிகழ்ந்தாற்போன்றது இது. இவ்விரண்டும் ஒன்றையொன்று கெடுக்காமல் நடைபெறுதல் எங்ஙனம்? அம்மீன் முன்னர் அழிந்ததும் பின்னர் மீண்டதும் எவ்வாறு? இவற்றை ஒரு மலைநாட்டை எடுத்துக்காட்டாகக் கொண்டு ஈண்டு ஆராய்வோம்.

மலையும் பருவமும்

அமெரிக்க ஐக்கிய நாட்டின் கிழக்கில் வடக்குத் தெற்காக நீண்டு கிடப்பது அப்பலேச்சியன் மலைத்தொடர். அதன் தென்பகுதியில், டென்னஸி, வட கரோலினா என்னும் இரு மாகாணங்களின் எல்லையில் உயர்ந்து நிற்பவை பெரும் ஸ்மோக்கி மலைகள். 'புகை படிந்தவை' என்பது அப்பெயரின் பொருள். மரங்கள் வெளிவிடும் ஆவிப்பொருள்களும் மலை நீராவியும் கூடி, தொலைவிலிருந்து நோக்குவார்க்கு இம்மலைகள் நீலப்புகை போர்த்தவைபோல் தோன்றும். நம் நாட்டில் நீலகிரி பெயர் பெற்றதும் நிறத்தினாலன்றோ? இவற்றின் மிக உயர்ந்த சிகரம் 6,643 அடி உயரமுடையது. நெடுங்காலம் கிளிங்மன்ஸ் டோம் என வழங்கிய அதற்கு, அந்நிலத்தின் பழங்குடியினராகிய செரோகி மக்கள் இட்ட குவோஹி என்னும் பெயர் 2024ஆம் ஆண்டில் மீண்டும் அளிக்கப்பட்டது. அம்மக்களிற் பெரும்பாலார் 1838ஆம் ஆண்டில் அரசின் படையினால் தம் நிலத்தினின்று மேற்கே துரத்தப்பட்டனர். வழியிலே பலர் மாண்டனர். எஞ்சியோரின் வழித்தோன்றல்கள் இன்றும் மலையின் தென்சாரலை அடுத்து வாழ்கின்றனர்.

இம்மலைகளில் 5 இலட்சம் ஏக்கருக்கும் மேற்பட்ட பரப்பு 1934ஆம் ஆண்டில் தேசியப் பூங்காவாக ஏற்படுத்தப்பட்டது. நிலம் முழுதும் தனியார் பலரிடமும் மரக் கம்பெனிகளிடமும் இருந்தமையால், அதனை விலைகொடுத்து வாங்கவேண்டியதாயிற்று. செல்வராகிய இளைய ராக்பெல்லர் 50 இலட்சம் டாலர் உதவினார். இரு மாகாண அரசுகளும் பொருள் அளித்தன. பள்ளிச் சிறுவர்களும் தம் கைக்காசுகளைத் திரட்டித் தந்தனர். 1940ஆம் ஆண்டு செப்டம்பர் 2ஆம் நாள் ஜனாதிபதி ரூஸ்வெல்ட் இப்பூங்காவை நாட்டுக்கு உரிமையாக்கினார். ஆண்டுதோறும் ஒரு கோடிக்கு மேற்பட்ட வருகைகள் இங்கே நிகழ்கின்றன. அந்நாட்டின் தேசியப் பூங்காக்களுள் மிகுதியான மக்கள் வருவது இதுவே.

நம் ஐப்பசி அடைமழைக்குப் பெயர் பெற்றது. அம்மலைகளிலோ அக்டோபர் மாதமே ஆண்டில் மழை குறைந்த காலங்களுள் ஒன்று. வானம் தெளிந்திருக்கும். தாழ்வான பள்ளத்தாக்குகளில் பகல் வெப்பம் ஏறத்தாழ 21 பாகையும், இரவு வெப்பம் 6 பாகையுமாக இருக்கும். மலைகளில் நூற்றுக்கு மேற்பட்ட மரவகைகள் உள்ளமையால் இலையுதிர் காலத்து நிறக்காட்சி வேறெங்கும் எளிதிற் காணவொண்ணாத சிறப்புடையது. பகற்பொழுது குறுகக் குறுக இலையினுள் பச்சையம் சிதைகின்றது. அது மறைத்திருந்த மஞ்சள் நிறப்பொருள் அப்பொழுது வெளிப்படுகின்றது. மேப்பில் முதலிய மரங்கள் அப்பருவத்திலே புதிதாகச் செந்நிறப்பொருளையும் ஆக்கிக்கொள்கின்றன. செப்டம்பர் பிற்பகுதியில் உயர்ந்த முகடுகளிலே தொடங்கும் இந்நிறமாற்றம், படிப்படியாக இறங்கி நவம்பர்த் தொடக்கத்திற்குள் பள்ளத்தாக்கை எட்டுகின்றது.

மீனின் இயல்பு

இம்மலைகளில் இரண்டாயிரம் மைலுக்கும் மேற்பட்ட நீளமுடைய ஓடைகள் பாய்கின்றன. அவற்றில் மூவகை டிரௌட் மீன்கள் உள. ஒன்று ஓடை டிரௌட். இதுவே இம்மண்ணுக்கு உரிய பழங்குடி. மற்றொன்று வானவில் டிரௌட். இது பசிபிக் கடற்கரையைச் சார்ந்த ஆறுகளிலிருந்து கொணரப்பட்டது. மூன்றாவது பழுப்பு டிரௌட். இஃது ஐரோப்பாவினின்று வந்தது. 1883ஆம் ஆண்டில் ஜெர்மனியிலிருந்து இதன் முட்டைகள் அமெரிக்காவுக்கு அனுப்பப்பட்டன.

ஓடை டிரௌட்டை உயிர்நூலார் 'சார்' என்னும் வேறு கிளையிற் சேர்ப்பர். மக்கள் வழக்கில் அது டிரௌட்டேயாம். அதன் முதுகில் புழு ஊர்ந்த தடம் போன்ற வரிகள் நெளியும். விலாவில் நீல வளையத்தின் நடுவே செம்புள்ளிகள் திகழும். அடித்துடுப்புகளின் ஓரம் வெண்ணிறமாயிருக்கும். இலையுதிர் காலத்தில் ஆண்மீனின் வயிறு செம்மஞ்சளாகச் சிவந்து, கரையிலே உதிர்ந்த மேப்பில் இலையோடு போட்டியிடும். இம்மலைகளில் அது பெரும்பாலும் ஒரு சாணுக்கு மேல் வளர்வதில்லை. நான்கு ஆண்டுக்கு மேல் வாழ்வதும் அரிது. ஆதலின் ஒரு மீனுக்குத் தன் வாழ்நாளில் முட்டையிட வாய்க்கும் பருவங்கள் ஒன்றோ இரண்டோதான்.

இம்மீனுக்கு இன்றியமையாதன மூன்று. நீர் குளிர்ந்திருத்தல் வேண்டும். 20 பாகைக்கு மேல் நெடுநேரம் வெப்பம் ஏறினால் அதற்கு இடர் உண்டாகும். நீரில் பிராணவாயு நிறைந்திருத்தல் வேண்டும். குளிர்ந்து பாறையில் மோதிப் பாயும் நீரிலேயே அது மிகுதியாகக் கரைந்திருக்கும். ஓடையின் அடித்தளம் சேறின்றிப் பருக்கைக் கற்கள் பரந்ததாயிருத்தல் வேண்டும். இம்மூன்றாவது தேவையின் காரணம் அதன் இனப்பெருக்கத்தைக் கண்டால் விளங்கும்.

அக்டோபர், நவம்பர் மாதங்களில் பெண்மீன் ஒருக்களித்துக் கிடந்து, வாலினால் பருக்கைக் கற்களை அடித்து ஒதுக்கி, ஆழமில்லாத ஒரு குழியை ஆக்குகின்றது. அதன்கண் முட்டைகளை இட, ஆண்மீன் அவற்றைச் சினைப்படுத்துகின்றது. உடனே பெண்மீன் மேற்புறத்துக் கற்களைத் தள்ளிக் குழியை மூடுகின்றது. அம்முட்டைகள் கற்களின் இடைவெளியிலே குளிர்காலத்தைக் கழிக்கும். இடையறாது ஊடுருவும் நீரே அவற்றுக்கு மூச்சு. குஞ்சு பொரித்த பின்னரும் வயிற்றடியில் ஒட்டிய உணவுப்பையை உண்டுகொண்டு சில வாரம் கல்லினூடே தங்கி, வசந்தம் வரும்பொழுதுதான் வெளிப்படும். இடையிலே சேறு படிந்து அவ்விடைவெளி அடைபடுமாயின், முட்டைகள் மூச்சற்று மடியும். ஒருவர் அறியாது அதன்மேல் கால் வைப்பினும் கேடே. வானவில் டிரௌட் வசந்த காலத்தில் முட்டையிடும். ஓடை டிரௌட்டும் பழுப்பு டிரௌட்டும் இலையுதிர் காலத்தில் முட்டையிடுவன. ஆகவே குடும்பங்கள் கூடாரம் அடிக்கும் அதே நாட்களில், சில அடி தொலைவிலே ஓடையின் அடியில் மற்றொரு குடும்பத்தின் தொட்டில் கட்டப்படுகின்றது.

கூடார வாழ்வு

பூங்காவில் கூடாரம் அடிப்பதற்கென இடங்கள் பல வகுக்கப்பட்டுள்ளன. அவற்றுள் மிகப் பெரியது டென்னஸிப் பக்கத்திலுள்ள எல்க்மாண்ட். அதன் அருகே 'லிட்டில் ரிவர்' என்னும் சிற்றாறு பாய்கின்றது. முன்பதிவு செய்துகொண்டு வரும் குடும்பத்தினர் சமதரையைத் தேர்ந்து, சருகும் கல்லும் அகற்றி, கூடாரத்தை நாட்டுவர். மழைநீர் தேங்கும் பள்ளத்தையும், காய்ந்த கிளை தொங்கும் மரத்தினடியையும் தவிர்த்தல் முதற் பாடம். இரவுக்குளிர் மேலிருந்து வருவதினும் தரையிலிருந்தே மிகுதியாக உடலை வாட்டும். ஆதலின் உறங்கும் பைக்கு அடியில் தடித்த விரிப்பு ஒன்று இன்றியமையாதது.

இரண்டாவது பாடம் கரடியைப் பற்றியது. இம்மலைகளில் கருங்கரடிகள் ஆயிரத்துக்கு மேற்பட்டு வாழ்கின்றன. இலையுதிர் காலத்தில் அவை குளிர்கால உறக்கத்திற்குக் கொழுப்புச் சேர்க்கும்பொருட்டு ஓக் மரத்துக் கொட்டைகளைத் தேடி இரவும் பகலும் அலையும். எனவே உணவையும் சமைத்த பாத்திரத்தையும், ஏன், பற்பசையையுங்கூடக் கூடாரத்தினுள் வைக்கலாகாது. வண்டியிற் பூட்டிவைத்தல் வேண்டுமென்பது விதி. மனிதர் உணவைச் சுவைத்த கரடி மீண்டும் மீண்டும் அதனை நாடி வரும். முடிவில் பெரும்பாலும் உயிரிழப்பது கரடியேயாம்.

மூன்றாவது பாடம் நெருப்பு. மாலையில் அனைவரும் தீயைச் சூழ்ந்து அமர்ந்து கதை பேசுதல் இப்பயணத்தின் உயிர்நிலை எனலாம். ஆனால் தம் ஊரிலிருந்து விறகு கொணர்தல் கூடாது. விறகினுள் ஒளிந்து வரும் பூச்சிகள் காட்டையே அழிக்க வல்லன. அதனால் 2015ஆம் ஆண்டு முதல், சூட்டினால் பூச்சி கொல்லப்பட்டதெனச் சான்று பெற்ற விறகையோ, அவ்விடத்திலே தானே விழுந்து காய்ந்த கட்டையையோதான் எரிக்கலாம். தீயை நீர் ஊற்றி, கிளறி, கையினால் தொட்டறிந்து அவித்தபின்னரே உறங்கச் செல்லுதல் வேண்டும். 2016ஆம் ஆண்டு நவம்பரில், நெடிய வறட்சியின் முடிவில், பூங்காவினுள் தோன்றிய தீ பெருங்காற்றினால் கிளர்ந்து, அடுத்துள்ள காட்லின்பர்க் நகர்ப்புறத்தைச் சூழ்ந்தது. 14 பேர் உயிரிழந்தனர். இலையுதிர் காலத்தின் அழகிய சருகே அப்பருவத்தின் பேராபத்தும் ஆகும்.

நான்காவது பாடம் சிறுவர்க்கு உரியது. ஓடையைக் கண்ட சிறுவர் கல்லடுக்கி அணை கட்டுதல் எங்கும் உள்ள விளையாட்டு. இப்பூங்காவில் அது விலக்கப்பட்டுள்ளது. ஓடைக்கல்லின் அடிப்புறம் சிற்றுயிர்கள் பலவற்றின் இல்லம். பல்லி வடிவும் தவளையின் ஈரத்தோலும் உடைய சாலமாந்தர் என்னும் உயிரில் ஏறத்தாழ முப்பது வகைகள் இம்மலைகளில் உள. அவற்றுட் சில கல்லினடியிலே முட்டையிடுவன. மீனின் உணவாகிய பூச்சிகளின் இளம்பருவமும் அங்கேயே கழிகின்றது. ஒரு கல்லைப் புரட்டுதல் ஒரு வீட்டின் கூரையைப் பிரிப்பதற்கு ஒப்பாகும் என்பதை ஒருமுறை உணர்ந்த சிறுவன் பின்னர்த் தானே கையை அடக்கிக்கொள்வான்.

தூண்டிற்கலை

நம் ஊர்க் குளங்களில் தூண்டில் முள்ளில் மண்புழுவைக் கோத்து, தக்கை அசைவதை நோக்கிக் காத்திருப்போம். ஸ்மோக்கி மலை ஓடைகளில் அம்முறை செல்லாது. உயிருள்ள இரையைப் பயன்படுத்துதல் அங்கே விலக்கு. ஒற்றை முள்ளுடைய போலி இரையே கொள்ளவேண்டும். மீனுக்கு ஊறு குறைவதற்கும், வேற்றிடத்துச் சிற்றுயிர்கள் இரையோடு ஓடையிற் புகாமைக்கும் இவ்விதி உதவுகின்றது. டென்னஸி மாகாணத்தில் 13 வயது முதலும், வட கரோலினாவில் 16 வயது முதலும் அனுமதிச் சீட்டுப் பெறுதல் வேண்டும். ஒருவர் ஒருநாளிற் கொள்ளக்கூடிய மீன் ஐந்து. 7 அங்குலத்திற்குக் குறைந்ததை உடனே நீரில் விடுதல் வேண்டும்.

போலி இரையுள் சிறந்தது போலி ஈ. சிறிய முள்ளின்மேல் இறகும் மயிரும் நூலும் சுற்றி, ஓடைப்பூச்சியின் உருவம் தோன்றச் செய்வர். இக்கலை மிகப் பழையது. செந்நிறக் கம்பளி நூலும் இறகும் சுற்றிய முள்ளினால் மாசிதோனியர் மீன்பிடித்ததை ஈலியன் என்னும் ரோம நாட்டு நூலாசிரியர் ஏறத்தாழ 1,800 ஆண்டுகளுக்கு முன்னரே எழுதிவைத்துள்ளார். போலி ஈக்கு எடை ஏதும் இல்லை. அதனைத் தூர எறிதல் எங்ஙனம்? இங்கே எறியப்படுவது ஈயன்று, கயிறே. கனமான கயிற்றைக் கோலினால் பின்னும் முன்னும் வீச, அது சாட்டைபோல் விரிந்து நீளும். அதன் நுனியிற் கட்டிய மெல்லிய இழையும் ஈயும் அதனைத் தொடர்ந்து சென்று நீர்மேல் மெல்லெனப் படியும்.

டிரௌட் மீன் நீரோட்டத்தை எதிர்நோக்கி நின்று, மிதந்து வரும் உணவுக்காகக் காத்திருக்கும். ஆகவே அறிந்தவர் அதற்குப் பின்புறமாக, கீழிருந்து மேல்நோக்கி, குனிந்து நடந்து அணுகுவர். இலையுதிர் காலத்தில் நீர் குறைந்து பளிங்குபோல் தெளிந்திருப்பதால், மனித நிழல் படினும் மீன் பாறையடியில் மறையும். ஈயும் ஓட்டத்தின் விரைவோடு ஒத்து மிதத்தல் வேண்டும். கயிறு இழுக்க அது கோடு கிழித்துச் செல்லுமாயின், அறிவிலியென நாம் கருதும் மீன் அதனைத் தீண்டாது. எனவே இக்கலை கையின் வன்மையினும் கண்ணின் கூர்மையையும் பொறுமையையுமே வேண்டி நிற்பது. காலையில் மூன்று மணி நேரம் நின்று ஒன்றும் பெறாது திரும்பும் சிறுமியும், எந்தப் பூச்சி எந்தப் பாறையோரம் பறந்தது, எங்கே நீர் சுழித்தது என்பதைக் கற்றே திரும்புவாள்.

பிடித்த மீனை உண்பவர் மக்காச்சோள மாவிற் புரட்டி இருப்புச் சட்டியில் பொரித்து உண்பர். பலர் பிடித்த உடனே விட்டுவிடுவர். விடுவதற்கும் முறை உண்டு. உலர்ந்த கையினால் தொட்டால் மீனின் உடலை நோயினின்று காக்கும் வழுவழுப்பான படலம் உரிந்துவிடும்; ஆகையால் கையை முதலில் நனைத்தல் வேண்டும். இயன்றவரை நீரினின்று தூக்காமலே முள்ளை அகற்றி, மீன் தானே நீந்திச் செல்லும்வரை தாங்கிப் பிடித்தல் வேண்டும்.

இனி, முட்டையிடும் பருவத்தில் மேற்கொள்ளும் ஒழுக்கமே இப்பயணத்தின் உரைகல். பூங்காவில் ஆண்டு முழுதும் மீன்பிடிக்கச் சட்டம் இடந்தருகின்றது. ஓடையின் ஆழமில்லாத இடத்தில் பாசி நீங்கி வெளுத்துத் தோன்றும் பருக்கைக்கல் திட்டு ஒன்றைக் கண்டால், அது முட்டைக்குழியாக இருத்தல் கூடும். அதன்மேல் இரண்டு மீன்கள் அஞ்சாமல் நிற்கும். அவற்றைப் பிடித்தல் மிக எளிது. சட்டம் அங்கே கைப்பிடித்துத் தடுக்கமாட்டாது. எனினும் நல்ல தூண்டிற்காரர் அம்மீனை விடுத்து, அவ்விடத்தை மிதியாது சுற்றிச் செல்வர். தம் மக்களுக்கும் விரலாற் சுட்டிக் காட்டுவர். சட்டம் முடியும் இடத்திலேதான் பண்பு தொடங்குகின்றது.

அழிவும் மீட்சியும்

இத்துணையும் கேட்டோர், 'தூண்டிலே இம்மீனுக்குப் பகை. அதனை அறவே விலக்கிவிட்டால் மீன் பெருகுமன்றோ?' என வினவக்கூடும். இவ்வினாவுக்கு அம்மலையின் வரலாறே விடை பகர்கின்றது.

முற்காலத்தில் ஓடை டிரௌட் பள்ளத்தாக்கு முதல் மலைமுகடு வரை நிறைந்திருந்தது. 1901ஆம் ஆண்டில் லிட்டில் ரிவர் மரக் கம்பெனி தோன்றியது. இன்று கூடாரங்கள் நிற்கும் எல்க்மாண்ட் அக்கம்பெனியின் ஊராக எழுந்ததே. இருப்புப்பாதைகள் மலையுள் புகுந்தன. 1930களின் இறுதிவரை மரங்கள் வெட்டப்பட்டன. வேறு கம்பெனிகளும் மற்றப் பள்ளத்தாக்குகளில் இவ்வாறே செய்தன. நிழல் நீங்கியமையால் நீர் சூடேறியது. வேர் நீங்கியமையால் மண் சரிந்து பருக்கைக் கற்களைச் சேறு மூடியது. மீன் மறைந்தது. அக்குறையை ஈடுசெய்ய வானவில் டிரௌட் கொணர்ந்து விடப்பட்டது. பின்னர்க் காடு மீண்டும் தழைத்து நீர் குளிர்ந்தபொழுது, தன் பழைய இடத்திற்குத் திரும்ப எண்ணிய ஓடை டிரௌட்டுக்கு அங்கே இடமில்லை. அயல்மீன் குடிபுகுந்து பெருகிவிட்டது. 1970களுக்குள் ஓடை டிரௌட் தன் பழைய எல்லையில் ஏறத்தாழ முக்காற்பங்கை இழந்து, அருவிகளுக்கு மேலுள்ள சிற்றோடைகளில் ஒடுங்கியது.

ஒரு மீன்மேற் கொண்ட பெருவிருப்பம் பிற மீன்களுக்கு எமனாவதும் உண்டு. 1957ஆம் ஆண்டில் ஏப்ரம்ஸ் ஓடையின் கீழ்ப்பகுதியை வானவில் டிரௌட்டுக்கு ஏற்றதாக்க விரும்பி, 'ரோட்டனோன்' என்னும் நஞ்சை நீரிலே கலந்தனர். அங்கு வாழ்ந்த பல்வகைச் சிறுமீன்கள் மாண்டன. அவற்றுள் ஒன்று 'ஸ்மோக்கி மாட்டம்' என்னும் சிறு கெளிற்று மீன். அதனைப் புதிய இனமென அறிஞர் 1969ஆம் ஆண்டில் பெயரிட்டு எழுதியபொழுது, அஃது உலகிலேயே இல்லாதொழிந்ததென்று கருதப்பட்டது. பிறந்ததும் இறந்ததும் ஒரே ஏட்டில் பதிவானாற்போன்ற நிலை! நற்பேறாக 1980ஆம் ஆண்டில் சிட்டிக்கோ என்னும் வேறோர் ஓடையில் அது கண்டெடுக்கப்பட்டு, பின்னர் ஏப்ரம்ஸ் ஓடையிலும் மீண்டும் குடியேற்றப்பட்டது.

1970களின் நடுவில் பூங்கா அதிகாரிகள் இரண்டு செயல்களைச் செய்தனர். அயல்மீன் விடுவதை நிறுத்தினர். ஓடை டிரௌட்டைப் பிடிப்பதையும் தடுத்தனர். தடை முப்பதாண்டளவு நீடித்தது. பின்னர் ஓடைகள் சிலவற்றில் தடையை நீக்கி, மீன்களை எண்ணி ஒப்பிட்டு ஆராய்ந்தனர். தூண்டில் இட்ட ஓடைக்கும் இடாத ஓடைக்கும் மீன்தொகையில் வேறுபாடு காணவில்லை. வெள்ளமும் வறட்சியுமே தொகையை ஏற்றவும் இறக்கவும் செய்தன. ஆகவே 2006ஆம் ஆண்டில் தடை நீக்கப்பட்டது. ஐந்து மீனென்னும் வரம்பும், ஏழங்குலமென்னும் அளவும் காக்கப்படும்வரை தூண்டில் அங்கே பகையன்றென்பது தெளிவாயிற்று.

அங்ஙனமாயின் மீனை மீட்டது யாது? அதன் வீட்டை மீட்டமையே. 1980களிலிருந்து, அயல்மீன் மீண்டும் ஏறமுடியாத அருவி உள்ள ஓடைகளைத் தேர்ந்து, சிற்றோடைகளில் மின்னோட்டத்தால் வானவில் டிரௌட்டை மயக்கி எடுத்து அகற்றினர். பெரிய ஓடைகளில் விரைவிற் சிதைந்துவிடும் மருந்தைப் பயன்படுத்தினர். பின்னர், அம்மலைகளிலேயே வேறோடைகளில் எஞ்சியிருந்த ஓடை டிரௌட்டைக் கொணர்ந்து குடியேற்றினர். லின் கேம்ப் என்னும் ஓடை இவ்வாறு மீட்கப்பட்டவற்றுள் பெரியது. லிட்டில் ரிவர் கம்பெனி இறுதியாக மரம் வெட்டிய பள்ளத்தாக்கும் அதுவே. இன்று அங்கே மரநிழலில் ஓடை டிரௌட் முட்டையிடுகின்றது, தூண்டிற்காரரும் செல்கின்றனர்.

போர் முடிந்ததென்று சொல்லுதற்கில்லை. நிலக்கரிப் புகையினால் மலைமுகட்டு ஓடைகள் நெடுநாளாகப் புளிப்பேறின. 1990ஆம் ஆண்டில் காற்றுத் தூய்மைச் சட்டம் வலுப்பெற்றபின் புகை குறைந்தும், மண்ணிற் படிந்த புளிப்பு மெல்லவே நீங்குகின்றது. ஓடைக்கரையில் என்றும் பசிய நிழல் தரும் ஹெம்லக் மரங்களை, ஆசியாவிலிருந்து வந்த ஒரு சிறு பூச்சி உறிஞ்சிக் கொல்கின்றது. அது 2002ஆம் ஆண்டில் பூங்காவினுள் காணப்பட்டது. உலக வெப்பம் உயருந்தோறும் குளிர்நீரை நாடும் மீன் மேலும் மேலே ஏறவேண்டும். மலைக்கோ முகடு ஓர் எல்லை. வெளியூர் விறகு கொணராத குடும்பம் ஹெம்லக் மரத்துக்கு வந்தது போன்ற கேடு பிற மரங்களுக்கும் வாராமற் காக்கின்றது. மரம் நீரைக் குளிர்விக்கின்றது. நீர் மீனைக் காக்கின்றது. இத்தொடர்பை உணர்ந்தாற் கூடார விதிகள் தளையாகத் தோன்றா.

நமக்கு யாது?

இச்செய்தி நமக்கு அயலானதன்று. வானவில் டிரௌட் நம் நீலகிரியிலும் உண்டு. 1907ஆம் ஆண்டில் வில்ஸன் என்பாரின் முயற்சியால் அவலாஞ்சியில் குஞ்சு பொரிப்பகம் ஏற்பட்டு, அம்மலை ஓடைகளில் அது விடப்பட்டது. ஒரே மீன், இரு நீலமலைகளிலும் விருந்தினனாக வந்து குடியுரிமை பெற்றிருக்கின்றது. விருந்தினனைப் போற்றுவோர் வீட்டுக்குரியோரையும் அறிந்திருத்தல் முறையன்றோ? விலங்கு நூல் பயிலும் நம் மாணவர், விடுமுறையில் தத்தம் ஊர் ஓடைகளுக்குச் சென்று, அங்குள்ள சிறுமீன்களின் பெயரையும் வடிவையும் முட்டையிடும் காலத்தையும் முதியோரிடம் கேட்டும் நேரிற் கண்டும் குறித்து வருவராயின், அது சிறந்த தொண்டாகும். ஏப்ரம்ஸ் ஓடையில் நிகழ்ந்தது, உள்ளதை எண்ணிப் பாராமல் இல்லாததை விரும்பியதன் பயன்.

மீனைக் காக்க விரும்புவோன் தூண்டிலை ஒடிக்க வேண்டுவதில்லை. ஓடையைக் காத்தல் வேண்டும். ஓடையைக் காக்க விரும்புவோன் கரையிலுள்ள மரத்தையும், மரத்தைக் காக்க விரும்புவோன் தான் கொண்டுசெல்லும் விறகையும் தான் எறியும் தீப்பொறியையும் எண்ணிப் பார்த்தல் வேண்டும். இவ்வறிவைச் சிறுவர்க்கு நூலினாலும் புகட்டலாம். ஆயினும் தெளிந்த நீரின் ஓரத்தே தாயின் கையைப் பற்றி நின்று, வெளுத்த பருக்கைக்கல் திட்டின்மேல் இரண்டு மீன்கள் அசையாது நிற்பதை ஒருமுறை கண்ட சிறுவனுக்கு, அவ்விடத்தை மிதிக்கலாகாதென்று எவரும் மறுமுறை சொல்ல வேண்டுவதில்லை.